முன்னாள் மாணவர் நிதி இரண்டரை லட்சம்: மலைப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டா, வேறு ஏதாவதா?

1 | குந்தாக்காரன்

வணக்கம். மஞ்சூர் பக்கம் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து இரண்டரை லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை வாங்கும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாகவே கொடுக்கப் போகிறோம், அதில் குழப்பம் இல்லை. என்ன வாங்குவது என்பதில்தான் இழுபறி. வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் 75 அங்குல ஸ்மார்ட் போர்டு என்று நிற்கிறார்கள். கோவையில் இருக்கும் நண்பர் ஒருவர் கொட்டேஷனே வாங்கி அனுப்பிவிட்டார். சிலர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட் என்கிறார்கள்.

பள்ளி நிலவரம்: நூறு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மேல். சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்தும் (படுகர் ஊர்கள்), எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு லைன்களிலிருந்தும் வருகிறார்கள், சில குறும்பர் பழங்குடிக் குடும்பப் பிள்ளைகளும் உண்டு. ஹைடெக் லேப் இருக்கிறது, பாதிக் கணினிகளுக்கு மேல் ஓடுகின்றன. இணையம் பெயருக்கு. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மரம் விழுந்து கரண்ட் போகும், அதைச் சொல்லவே வேண்டாம்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். “நீங்கள் எது கொடுத்தாலும் சந்தோஷம்” என்கிறார். எனக்கு அதுதான் பயம். மலையில் பாடம் நடத்துபவர்கள், இந்தச் சாதனங்களோடு மல்லுக்கட்டியவர்கள் சொல்லுங்கள்.

2 | வயர்மேன் குன்னூர்

நான் வாத்தியார் இல்லை, மாட்டிவிடுகிற ஆள். பள்ளிகள், ஹோட்டல்கள், எஸ்டேட் பங்களாக்கள் எல்லாவற்றிலும் வேலை பார்த்திருக்கிறேன். கொட்டேஷனில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் எர்த்திங். பழைய கட்டடம் என்றால் கண்டிப்பாகச் சரிபார்க்க வேண்டும். இடி மின்னல் காலத்தில் போர்டு போனால் வாரண்டி பேசாது. அடுத்து ஈரம். குந்தாப் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அறைக்குள் சுவரே வியர்க்கும். புரொஜெக்டர் லென்ஸில் பூஞ்சை படிந்து படம் முழுக்க மேகமாகத் தெரிவதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பூட்டி வைப்பார்கள், அதனாலேயே கெடும். தினம் கொஞ்ச நேரமாவது ஓடினால் அந்தச் சூட்டில் ஈரம் தங்காது.

சர்வீஸ் ஆள் எங்கிருந்து வருவார் என்று கேளுங்கள். கோவை என்றால், மழைக்காலத்தில் மரம் விழுந்து ரோடு அடைபட்டால் அவர் எப்போது வருவார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். யுபிஎஸ் பேட்டரியை மூன்று நான்கு வருடத்தில் மாற்ற வேண்டிவரும், அந்தக் காசை இப்போதே எடுத்து வையுங்கள்.

3 | பந்தலூர் டீச்சர்

குந்தா தம்பி, நல்ல கேள்வி. பெரும்பாலும் வாங்கி முடித்த பிறகுதான் இந்தக் கேள்வி வரும்.

நான் தொடக்கப் பள்ளி. எங்கள் வகுப்பில் பெரிய டிவி இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்கள் வீடியோ ஓடும்போது பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு “அருமை” என்று போவார்கள். அந்த அமைதியை நான் நம்புவதில்லை. வீடியோ முடிந்ததும் “விதைக்குள் என்ன இருந்தது?” என்று கேட்டால் பாட்டின் மெட்டைப் பாடிக் காட்டுவார்கள். அதனால் நான் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடவிடுவதில்லை. நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்பேன். சிலேட்டில் வரையச் சொல்வேன். அப்புறம்தான் மீதி. டிவி அதேதான், வேலை மட்டும் பிள்ளைகளுடையதாகிவிடும்.

இணையம் இல்லாதது பெரிய தடை இல்லை. அரசின் பாடச் செயலிகளான மணற்கேணியிலோ திக்‌ஷாவிலோ வேண்டியதைச் சிக்னல் கிடைக்கிற இடத்தில் இறக்கி எடுத்து வந்துவிடுகிறேன். பாடப்புத்தகத்தில் 2018 முதல் க்யூஆர் குறியீடு போடுகிறார்கள். அதை ஸ்கேன் செய்ய வகுப்பறையில் சிக்னல் வேண்டும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

உண்மையான சிக்கல் வேறு. என் வகுப்பில் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் பாதிக்கு மேல். வீட்டில் பேசுவது தமிழ் இல்லை. தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரித்துச் சொல்லித்தருகிறோம். அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே அறையில் மூன்று நிலை, ஓர் ஆசிரியர். இந்த இடத்தில் எனக்குக் கைகொடுப்பது என் பழைய போன்தான். ஒரு பாட்டியிடம் அவர்கள் மொழியிலேயே கதை சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். மலர் நிலைப் பிள்ளைகள் அதைக் கேட்டுத் தமிழில் எழுதுவார்கள், மொட்டு நிலைப் பிள்ளைகள் அந்த எழுத்தை வாசிப்பார்கள், அரும்புகள் கதையைப் படமாக வரைவார்கள். நான் அந்த நேரத்தில் வாசிக்கத் திணறும் ஒருவனோடு உட்கார முடிகிறது. எனக்கு அந்தப் போன் வாங்கிக் கொடுத்தது அந்தக் கால் மணி நேரத்தைத்தான்.

உங்கள் பணத்தில் ஆசிரியருக்கு நேரம் கிடைக்குமா, நேரம் பறிபோகுமா என்று பாருங்கள். தரவு ஏற்றுகிற வேலையே எங்களுக்குப் போதுமானது. புதிதாக ஒரு டேஷ்போர்டு தயவுசெய்து வேண்டாம்.

4 | புள்ளிவிவரம்

ஆய்வுகளில் உறுதியாக இருப்பதைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

பள்ளிகளில் கணினிக்கு நிறையச் செலவு செய்த நாடுகளில் வாசிப்பு, கணிதம், அறிவியல் மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை என்று பன்னாட்டுப் பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2015 அறிக்கையில் எழுதியது. பெரு நாட்டில் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். கிராமப் பள்ளிகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது கணிதத்திலும் மொழியிலும் பலன் தென்படவில்லை. கருவி வந்தது, கற்பிக்கும் முறை மாறவில்லை.

எதிர்ப்பக்கம் ஓர் ஆய்வு இருக்கிறது. டெல்லியில் 6 முதல் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள் வைத்த மையங்களுக்கு அனுப்பினார்கள். பாதி நேரம் கணினி, பாதி நேரம் சிறு குழுவாக ஓர் ஆசிரியருடன். நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37 திட்ட விலக்கம் (மதிப்பெண்களின் சிதறலை வைத்து முன்னேற்றத்தை அளக்கும் அலகு), இந்தியில் 0.23 முன்னேற்றம். கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண். கட்டுரை 2019இல் வந்தது. காரணம்தான் முக்கியம்: ஆறாம் வகுப்பிலேயே பிள்ளைகள் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தார்கள், ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது அந்த இடைவெளி நாலரை வகுப்பு. மென்பொருள் ஒவ்வொருவரையும் அவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கவைத்தது. வகுத்தல் தெரியாத எட்டாம் வகுப்பு மாணவிக்கு இயற்கணித வீடியோவை எவ்வளவு பெரிய திரையில் காட்டினாலும் அவளுக்கு எட்டாது.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது. கொரோனா காலத்தில் போட்ஸ்வானாவில் சுமார் 4,500 குடும்பங்களை வைத்துச் செய்தார்கள். சாதாரண போன். வாரம் ஒரு கணக்கு குறுஞ்செய்தியில் போகும். ஒரு பிரிவினருக்குக் கூடவே ஆசிரியர் அழைத்து இருபது நிமிடம் அளவுக்குப் பேசுவார். பேசிய பிரிவில் கற்றல் தெளிவாகக் கூடியது, குறுஞ்செய்தி மட்டும் போன பிரிவில் அப்படி இல்லை.

5 | பூம்பாறை பூண்டு

நான் கொடைக்கானல் மேல்மலை. பூண்டும் கேரட்டும் போடுகிறவன், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். எல்லோரும் படித்தவர்கள், நன்றாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் எனக்குக் கோபம் வருகிறது.

கீழே டவுனில் ஸ்மார்ட் கிளாஸ் என்று போர்டு வைத்து ஃபீஸ் வாங்குகிற பள்ளிக்கூடத்தில் யாரும் பெரு நாட்டுக் கணக்குக் கேட்பதில்லை. அரசுப் பள்ளிக்கு ஏதாவது வரப் போகிறது என்றால் மட்டும் ஆராய்ச்சி வந்து நிற்கும். எங்கள் பிள்ளைகளுக்குப் பழைய போனும் சிலேட்டும் போதுமா? என் மகன் கொடையில் ஒரு போட்டிக்குப் போனபோது மற்ற பிள்ளைகள் திரையைத் தொட்டு விளையாடுகிறார்கள், இவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். தொட்டால் உடைந்துவிடும் என்ற பயம். அந்தப் பயம் போக வேண்டாமா?

இன்னொன்று. நல்ல போர்டு வந்த வருடம் எங்கள் பள்ளியில் சேர்க்கை கூடியது. வேனில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பிள்ளை குறைந்தால் பள்ளியே கேள்விக்குள்ளாகும் ஊரில் அதுவும் ஒரு பலன்தான். இதை எந்த ஆய்வில் எழுதுவீர்கள்?

6 | புள்ளிவிவரம்

பூம்பாறை அண்ணா, நியாயமான கேள்வி. சேர்க்கைக் கணக்கை நான் சொன்ன ஆய்வுகள் எதுவும் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் மகன் தொட பயந்ததற்குப் பெரிய போர்டு மருந்தாகுமா? அதை வகுப்பில் தொடுவது ஆசிரியர் மட்டும்தானே.

7 | பூம்பாறை பூண்டு

அது சரிதான். எங்கள் பள்ளியிலும் அப்படித்தான்.

8 | ஓய்வு இயற்பியல்

நீலகிரியிலேயே முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மலை மாதிரி ஒரு சோதனைக்கூடம் எந்தக் கம்பெனி விற்றாலும் கிடைக்காது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிள்ளைகள் அளந்துவிட்டு “சார், தெர்மாமீட்டர் தப்பு” என்பார்கள். ஒவ்வொரு வருடமும் சொல்வார்கள். அந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடக் கூடாது. மேட்டுப்பாளையத்தில் மாமா வீட்டுக்குப் போகும் பையனிடம் தெர்மாமீட்டரைக் கொடுத்தனுப்ப வேண்டும். அவன் 99 என்று கொண்டுவருவான். இப்போது வகுப்பில் சண்டை நடக்கும், அந்தச் சண்டைதான் பாடம்.

சில போன்களில் காற்றழுத்தம் அளக்கும் சென்சார் இருக்கிறது. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் ஃபைஃபாக்ஸ் என்று ஓர் இலவசச் செயலி கொடுக்கிறார்கள், போனில் உள்ள சென்சார்களையெல்லாம் வரைபடமாகக் காட்டும். இணையம் தேவையில்லை. அதை ஓடவிட்டுப் பஸ்ஸில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை வந்தால் அழுத்தம் படிப்படியாக இறங்குவதை ஒரு கோடாகப் பார்க்கலாம். பர்லியார் தாண்டிக் காது அடைப்பதும், கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வந்ததும் பலூன் மாதிரி உப்புவதும் அந்தக் கோட்டில் வந்து சேர்ந்துகொள்ளும்.

பத்தாம் வகுப்பு முக்கோணவியலுக்கு மலை ரயில். பல்சக்கரப் பாதையில் 12.5 அடி போனால் 1 அடி ஏற்றம். கோணம் எவ்வளவு? பிள்ளைகள் முப்பது, நாற்பது என்று ஊகிப்பார்கள். கணக்குப் போட்டால் 5 டிகிரிகூட இல்லை. போனை ஒரு பலகையில் வைத்து அந்தக் கோணத்துக்குச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘இதற்கா பல்சக்கரம்?’ என்று கேட்பார்கள். அங்கிருந்து உராய்வுக்குப் போய்விடலாம்.

அப்புறம் ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரை. அங்கே இருக்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970இல் முடிந்தது. எத்தனையோ பள்ளிகள் சுற்றுலா கூட்டிப்போய் ஃபோட்டோ எடுத்துத் திரும்புகின்றன. அதை ஏன் சரிவில் கட்டினார்கள் என்று ஒருவர் கேட்பதில்லை. அந்தச் சரிவு சுமார் 11 டிகிரி, வடக்கு தெற்காக. ஊட்டியின் அட்சரேகையும் அதேதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டு போனாலே வானத்தில் ஒரு பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் இந்தச் சரிவைத் தேடிப் பிடித்தார்கள். இதைக் கரும்பலகையில் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் ஊட்டியை வைத்து, நேரத்தை வேகமாக ஓட்டினால் வானம் துருவ நட்சத்திரத்தைச் சுற்றுவது தெரியும். அது அடிவானத்துக்கு மேலே 11 டிகிரியில் நிற்கும். இரண்டு 11ஐயும் பிள்ளைகளே சேர்த்துவிடுவார்கள். இங்கே எனக்குக் கணினி இல்லாமல் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் கொதிப்பதற்கு அனிமேஷன் போட்டால்தான் எனக்கு எரிச்சல். அடுப்பு எங்கே போயிற்று?

பூம்பாறைக்காரருக்கு ஒன்று. உங்கள் கொடைக்கானல் வானாய்வகம் 1899 முதல் இருக்கிறது. வானியலாளர் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு ஆரமாக வெளியே பாய்வதைக் கண்டது அங்கேதான். நூறாண்டுக்கும் மேலான சூரியப் படங்களை டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வருடத்துக்குச் சில படங்களை எடுத்துப் பிள்ளைகளை எண்ணவைத்தால், சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் பதினோரு வருடச் சுழற்சி அவர்கள் கைப்படப் போட்ட வரைபடத்திலேயே ஏறி இறங்கும். டவுன் பள்ளியிலும் இதைச் செய்யலாம். ஆனால் அந்தக் கட்டடத்தைத் தாண்டி பஸ்ஸில் போகிற பிள்ளை எண்ணினால் அது வேறு.

9 | ப்ளஸ்டூ பையன்

சார், நாங்கள் லேபுக்குள் போனதே ஆன்லைன் தேர்வு வைத்தபோதும், யாராவது பார்வையிட வந்தபோதும்தான். மற்ற நேரம் பூட்டு. சாவி ஒருவரிடம், அவர் லீவு என்றால் முடிந்தது. நீங்கள் சொல்கிற எதுவும் செய்ததில்லை. ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியை நானாகப் போனில் பார்த்துக்கொண்டேன்.

10 | கோத்தகிரி அம்மா

எல்லோரும் பள்ளிக்குள்ளேயே பேசுகிறீர்கள். வீட்டையும் பாருங்கள். ஊரடங்கில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, எங்கள் வீட்டில் கேபிள் இருந்ததால் பார்த்தோம். பக்கத்து லைனில் ஒரே போன், அதை அப்பா வேலைக்கு எடுத்துப்போய்விடுவார். அவர் ஏழு மணிக்கு வந்த பிறகு மூன்று பிள்ளைகள் அதற்கு அடித்துக்கொள்ளும். அந்த இரண்டு வருடத்தில் வாசிப்பை மறந்துபோன பிள்ளைகளை ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலராக நான் பார்த்திருக்கிறேன். அப்போது கைகொடுத்தது அட்டைகளும் பாட்டும் ஒரு திண்ணையும்தான்.

கூடலூர் பக்கம் இன்னும் மோசம். பிரிவு 17 நிலம் என்று உரிமை முடிவாகாத நிலங்களின் வழக்கினால் பல வீடுகளுக்கு மின் இணைப்பே கிடைக்காமல் இருந்தது. அங்கே டேப்லெட் கொடுத்தால் சார்ஜ் எங்கே போடுவது?

டேப்லெட்டுக்கு நான் எதிரி. வீட்டுக்கு வந்த முதல் வாரம் பாடம், இரண்டாம் வாரம் ரீல்ஸ். எங்கள் வீட்டுக் கதையேதான்.

போட்ஸ்வானா சமாச்சாரம் எனக்குப் பிடித்தது. டீச்சர் ஒரு போன் போட்டு “இந்தக் கணக்கை எப்படிப் போட்டாய்?” என்று என் மகளிடம் கேட்டால் அவள் அன்றைக்கு முழுக்கப் பறப்பாள்.

11 | சிறு தேயிலை

நடுவில் வருகிறேன். ஆசிரியர் இல்லை, ஒன்றரை ஏக்கர் தேயிலை. முன்பு எஸ்டேட் ஒன்றில் ஃபீல்டு வேலை. எஸ்டேட்டுகளில் தினமும் காலையில் மழை அளந்து நோட்டில் எழுதுவார்கள், பல இடங்களில் பல பத்தாண்டுக் கணக்கு இருக்கும். பள்ளிகள் இதைச் செய்யலாமே?

நம் மாவட்டத்தில் மழை ஒரே மாதிரி இல்லை. தேவாலா, கூடலூர், அவலாஞ்சி எல்லாம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். அப்போது கோத்தகிரியில் துணி காயும். ஐப்பசி, கார்த்திகையில் தலைகீழ். ‘பருவமழை’ என்று புத்தகத்தில் ஒரே வரைபடத்தைப் படிக்கிற பிள்ளைக்கு, பக்கத்துத் தாலுகாவில் இன்று வேறு வானம் என்பது தெரியாது. நான்கு பள்ளிகள் தினமும் ஒரே நேரத்தில் அளந்து, வாட்ஸ்அப்பில் ஓர் எண் அனுப்பினால் போதும். அந்தப் பூட்டிக் கிடக்கிற லேபில் எக்செல் இருக்கும் அல்லவா? அதில் போட்டு வரையட்டும்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்தப் பட்டை வரைபடத்தில் மற்றவற்றோடு வைத்தால் தாளுக்கு வெளியே போகும். அளவுகோலை மாற்ற வேண்டும் என்பதை அப்போது பிள்ளைகளே சொல்வார்கள். 2009 நவம்பர் நிலச்சரிவு கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும், அவர்களிடம் பேட்டி எடுக்கலாம். மழைமானிக்கு வெட்டிய பாட்டிலும் ஸ்கேலும் போதும். சரியானது வேண்டுமென்றால் வாங்குங்கள், விலை அதிகமில்லை.

12 | ஓய்வு இயற்பியல்

சிறு தேயிலை, நீங்கள் ஆசிரியராகியிருக்க வேண்டியவர். ஒரு திருத்தம்: பாட்டிலின் வாயும் உடலும் ஒரே விட்டமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மில்லிமீட்டர் கணக்குப் பொய்யாகும். அந்தப் பிழையையும் முதலில் செய்யவிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

13 | தொழில்நுட்பத் தம்பி

பெங்களூரில் மென்பொருள் வேலை, ஊர் எடக்காடு. எல்லோரும் ஏஐ பற்றிப் பேசாமலே இருக்கிறீர்களே? ஒரு சந்தா வாங்கிக் கொடுத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி டியூட்டர். டெல்லி ஆய்வு சொன்ன ‘அவரவர் நிலை’ அதில் தானாகவே கிடைக்கும்.

14 | பந்தலூர் டீச்சர்

தம்பி, தானாக எதுவும் கிடைக்காது. எங்கள் ஒன்றியத்தில் ஒரு மாணவி தோடர்களைப் பற்றி ஏஐயிடம் கேட்டுக் கட்டுரை எழுதி வந்தாள். தமிழ் வழவழவென்று இருந்தது, விஷயத்தில் பாதி தவறு. நீலகிரியில் இல்லாத ஊரெல்லாம் இருந்தது. அவளுக்குத் தோடத் தோழி ஒருத்தி உண்டு, அவளிடம் கேட்கத் தோன்றவில்லை.

நான் அதை விரட்டச் சொல்லவில்லை. மேல் வகுப்பில் இப்படிச் செய்யலாம்: உங்கள் ஹட்டியைப் பற்றி, உங்கள் எஸ்டேட்டைப் பற்றி ஏஐயிடம் கேட்டு அச்செடுங்கள், தவறுகளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள், எப்படித் தெரியும் என்று பக்கத்தில் எழுதுங்கள். இதற்குச் சந்தா வேண்டாம், ஓர் ஆசிரியரின் போன் போதும். எனக்கே ஒரு பயன் இருக்கிறது: ஒரே பத்தியை மூன்று நிலைக்கு எளிமையாக்கித் தரச் சொல்வேன். தந்ததைத் திருத்தாமல் பிள்ளைகளிடம் கொடுத்ததில்லை.

15 | தொழில்நுட்பத் தம்பி

சிவப்பு மை யோசனை நன்றாக இருக்கிறது டீச்சர். சரி, இணையமே இல்லாமல் செய்ய ஒரு வழி சொல்கிறேன். ராஸ்பெர்ரி பை என்று உள்ளங்கை அளவு கணினி இருக்கிறது, சில ஆயிரம் ரூபாய்தான். அதில் பாடங்களை இணையமில்லாமல் காட்டும் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளையும், இணையதளங்களை இறக்கி வைத்து வாசிக்க உதவும் கிவிக்ஸ் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவையும், திரையில் செய்து பார்க்கும் ஃபெட் ஆய்வுமாதிரிகளையும் ஏற்றிவிட்டால் அதுவே வைஃபை கொடுக்கும். ஃபெட் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கியது, மின்சுற்று, பின்னங்கள் என்று நிறைய மாதிரிகள் தமிழிலேயே உண்டு. ஸ்டோரிவீவர் தளத்துத் தமிழ்க் கதைகளையும் இறக்கி வைக்கலாம். லேபில் உள்ள கணினிகள், ஆசிரியர் போன் எல்லாம் அதோடு இணையும். கரண்ட் போனாலும் ஒரு பவர் பேங்கில் மணிக்கணக்கில் ஓடும். ரீல்ஸும் வராது, கோத்தகிரி அக்கா.

16 | வயர்மேன் குன்னூர்

மெமரி கார்டு கெடும். காப்பி எடுத்து இன்னொன்று வைத்திருங்கள். நீங்கள் பெங்களூர் போன பிறகு அதை மறுபடி ஏற்ற ஊரில் ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

17 | தொழில்நுட்பத் தம்பி

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். என்னைவிட நன்றாகச் செய்வார்கள்.

18 | பூம்பாறை பூண்டு

இது பிடித்திருக்கிறது. சூரியப் புள்ளி எண்ணுகிற வேலையை எங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொன்னேன். “படங்களை யார் எடுத்துத் தருவது?” என்கிறார். ஓய்வு இயற்பியல் சார் உதவுவாரா? கொடை பண்பலையில் இந்த மாதிரி பாடம் போட்டாலும் நல்லது, அது மதுரை வரைக்கும் கேட்கும், எங்கள் மலையில் சிக்னல் இல்லாத வீட்டிலும் ரேடியோ கேட்கும்.

ஆனால் என் பேச்சை நான் விடவில்லை. ஒரு நல்ல திரையாவது இருக்கட்டும். பத்துப் பேர் ஒரு லேப்டாப்பை எட்டிப் பார்ப்பது கண்கொள்ளாக் காட்சியாக இருக்காது.

19 | நெறியாளர்

குறிப்பிட்ட நிறுவனப் போர்டைப் புகழ்ந்து தொடர்பு எண்ணோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விற்பனைக்கு வேறு பகுதி உண்டு.

20 | குந்தாக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் அச்செடுத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்தோம். நாங்கள் “என்ன வாங்கலாம்?” என்று போனோம், கணக்கு டீச்சர் “எட்டாம் வகுப்பில் எத்தனை பேருக்கு வகுத்தல் தெரியும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்” என்று ஒரு தாளை நீட்டினார். தெரிந்தவர்கள் பாதிக்குக் கீழே. கூட்டத்தின் போக்கு அங்கேயே மாறிவிட்டது.

இப்போதைய யோசனை இது. கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எர்த்திங், லேப் வயரிங், பழுதான கணினிகள், பேட்டரி, இவை முதலில். ராஸ்பெர்ரி பை ஒன்றும் உபரியாக ஒன்றும். சுமாரான அளவில் ஒரு சாதாரண டிவி, ஸ்மார்ட் போர்டு விலையில் சிறு பங்குதான் வரும், பூம்பாறை அண்ணன் சொன்ன எட்டிப் பார்க்கும் பிரச்சினைக்கு அது போதும். தெர்மாமீட்டர், மழைமானி, மடக்கு நுண்ணோக்கி போன்ற சில்லறைச் சாமான்கள். மீதி, ஏறக்குறைய பாதிப் பணம், ஊரிலேயே பட்டப்படிப்பு முடித்த ஒரு பெண்ணுக்கு மாலை நேரத்தில் லேபைத் திறந்து வைத்து, கணக்கில் பின்தங்கியவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லித்தர மதிப்பூதியம். ஒரு கல்வியாண்டுக்கு வரும்.

கடைசி விஷயத்தில்தான் தகராறு. “பொருளாக எதுவும் நிற்காதே, பெயர் எங்கே எழுதுவது?” என்கிறார்கள் நன்கொடை கொடுத்தவர்கள் சிலர். அடுத்த வருடம் அந்த ஊதியத்துக்கு என்ன வழி என்று தலைமையாசிரியர் கேட்கிறார். அவர் கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

21 | புள்ளிவிவரம்

தொடங்கும்போதே எல்லாப் பிள்ளைகளுக்கும் எளிமையான வாசிப்பு, கணக்குச் சோதனை ஒன்று வையுங்கள், வாய்மொழியாக, ஐந்து நிமிடம். ஆண்டு இறுதியில் அதே சோதனை. அடுத்த வருடம் பணம் கேட்கப் போகும்போது கையில் காட்ட ஏதாவது இருக்கும். பெயர்ப் பலகை கேட்பவர்களுக்கும் அந்தத் தாளைக் கொடுக்கலாம்.

22 | கோத்தகிரி அம்மா

மாலை என்றால் எத்தனை மணி வரை? மழைக்காலத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடும், அந்தப் பாதையில் காட்டெருமை நிற்கும். தூரத்து ஹட்டிப் பிள்ளைகள் எப்படிப் போவார்கள்? பஸ் நேரத்தைப் பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள், பின்தங்கியவர்கள் வரமாட்டார்கள்.

23 | பந்தலூர் டீச்சர்

அக்கா சொல்வது சரி. காலையில் வையுங்கள். முதல் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் மணி அடிக்கிற வரைக்கும் வராந்தாவில் சும்மாதான் நிற்கிறார்கள். காலை உணவுத் திட்டம் உங்கள் பள்ளிக்கு இல்லையென்றால் ஒரு பிஸ்கட்டுக்கும் டீக்கும் பணம் ஒதுக்குங்கள்.

24 | ப்ளஸ்டூ பையன்

அண்ணா, சாவி யாரிடம் இருக்கும்?

25 | குந்தாக்காரன்

தம்பி, அதையும் தீர்மானத்தில் எழுதிவிட்டோம். மூன்று சாவி: அலுவலகத்தில் ஒன்று, சொல்லித்தரப் போகும் அக்காவிடம் ஒன்று, ஒன்பதாம் வகுப்புத் தலைவியிடம் ஒன்று. காலை நேரம் என்பதை டிப்போவில் பஸ் விசாரித்துவிட்டுத் திங்கட்கிழமை எழுதுகிறேன். வயர்மேன் அண்ணா, எர்த்திங் பார்க்க எப்போது வர முடியும்?

26 | வயர்மேன் குன்னூர்

சனிக்கிழமை வருகிறேன். கூலி வேண்டாம், பஸ் சார்ஜும் மத்தியானம் சாப்பாடும் போதும். மெயின் போர்டு இருக்கும் அறையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.